இளநீலம் என்று புத்தகத்தில் இருக்கிறது

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் பின் ஆசனத்தில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருக்கேதீஸ்வரத்துக்குப் போவதற்காக மன்னார் பஸ் நிலையத்தடியில் ஒரு வாடகைக் கார் பிடித்தேன். பழைய மொறிஸ் மைனர். ஓட்டியவர் ஒரு பெண், மார்த்தா என்று பெயர். இறங்கும்போது கதவில் கை வைத்தேன். பெயின்றின் மேல் தூரிகைக் கோடுகள் விரலில் தட்டுப்பட்டன.

"இது தூரிகையாலையோ அடிச்சது?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். சாமி கும்பிடப் போன நான் ஒன்றரை மணித்தியாலம் வெளியே மரநிழலில் நின்று கதை கேட்டேன். உள்ளே நடை சாத்திவிட்டார்கள். கேட்டு முடிந்ததும் இதை எழுதலாமா என்றேன்.

"எழுதுங்கோ. ஆனால் கராஜ்கார அருளப்பு அண்ணையைக் கள்ளனாக்கிப் போடாதேங்கோ" என்றார் மார்த்தா.

அதற்குள் என் மனதில் நான் அவரைக் கள்ளனாக்கி முடித்திருந்தேன்.

2

முதல் தொடக்கம்: "சண்டை ஓய்ந்திருந்த அந்த வருடத்தில் கடல் மட்டும் ஓயாமல்" (விட்டுவிட்டேன். இந்தக் கதையில் கடல் ஒன்றும் செய்யவில்லை.)

இரண்டாவது: "மார்த்தாவுக்கு முப்பத்தாறு வயது. அவளுடைய கண்களில்" (கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.)

மூன்றாவது: கழுதை உதைத்தது.

இது நிற்கட்டும், உண்மையும் இதுதான். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, யுத்த நிறுத்தக் காலம். மன்னார் ரவுணில் தெருவுக்குக் குறுக்கே நின்ற கழுதைக் கூட்டத்துக்கு மார்த்தா ஹோர்ன் அடித்தாள். ஒன்று திரும்பி நின்று காரின் இடதுபக்கக் கதவுகள் இரண்டையும் உதைத்துப் பள்ளமாக்கிவிட்டுப் போயிற்று.

அந்தக் கார் அவளுடைய தகப்பனுடையது. பன்னிரண்டு வருடம் பெற்றோல் இல்லாமல், பேசாலை வீட்டு வளவில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலுக்குள் கல்லின் மேல் நின்றது. அந்தப் பன்னிரண்டு வருடமும் மார்த்தா கருவாடு போட்டாள். யுத்த நிறுத்தம் வந்ததும் காரைக் கீழே இறக்கினாள், ஓட்டப் பழகினாள், வாடகைக்கு ஓட்டத் தொடங்கினாள். மன்னார்த் தீவில் அப்படி வேறு பெண் இல்லை. கார் தரிப்பிடத்து ஆண்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் அவளுக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

பள்ளம் விழுந்த கதவுகளை ரவுணில் அருளப்புவின் கராஜில் விட்டாள். அருளப்பு தட்டி நிமிர்த்தினார், பட்டி வைத்து நிரவினார், தேய்த்தார், பெயின்ற் அடித்தார். நிறம் கொஞ்சம் வித்தியாசம்தான். வெயிலில் சேர்ந்துவிடும் என்றார்.

மூன்று கிழமையில் இரண்டு கதவுகளிலும் கொப்புளங்கள் போட்டன. சின்னம்மை வந்த பிள்ளையின் முதுகு மாதிரி. பிறகு உரிந்தது. ஒரு இடத்தில் இளநீலம், ஒரு இடத்தில் சிவத்த அடிப்பூச்சு, ஒரு இடத்தில் வெறும் தகரம்.

3

[இந்த இடத்தில் கதை எழுதுவதையும் பெயின்ற் அடிப்பதையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

ஒரு வியாழக்கிழமை காலை, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் அவளை மறித்தார்கள். இராணுவக் கோப்ரல் ஒருவன் காரின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். காரைச் சுற்றி நடந்தான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"ஒரு புத்தகம். ஒரு நிறம். கார் மூணு நிறம். எது உன்ர கார்?"

கதவு மாறிய வாகனம், நிறம் மாறிய வாகனம் என்றால் குண்டு வண்டியோ என்று அந்த நாட்களில் யாருக்கும் பயம். அவனுக்கும் பயம்தான் என்று மார்த்தா சொன்னார். புத்தகத்தில் இருக்கிற நிறத்தில் வந்தால் பாலத்தைக் கடக்கலாம், இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய்ப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு வரவேண்டும் என்றான்.

சனிக்கிழமை பாலத்துக்கு அப்பால் முருங்கனில் ஒரு பெண்ணை ஏற்றவேண்டும். பிரான்சிஸ்கா. பேசாலை மாதா கோயிலில் பத்து மணிக்குக் கலியாணம். முருங்கன் சந்தியில் மார்த்தா கார் ஓட்டிப் போவதை ஒருநாள் கண்ட பிரான்சிஸ்கா, கலியாணத்துக்குப் போனால் அந்த அக்காவின் காரில்தான் போவேன் என்று வீட்டில் பிடிவாதமாக நின்றுவிட்டாள். மார்த்தாவின் முதல் கலியாண ஓட்டம்.

தரிப்பிடத்துக்குத் திரும்பினாள். அங்கே மூத்த சாரதி பாலசிங்கம் கதவைப் பார்த்தார்.

"தங்கச்சி, முருங்கன் ஓட்டத்தை நான் எடுக்கிறன். நீங்கள் யோசியாதேங்கோ."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டாம் அண்ணை. நான் போறன்" என்றாள்.

4

(அழித்த வரைவு: அருளப்பு பெயின்றில் தின்னரை ஊற்றி ஊற்றித் தண்ணியாக்கி, மிச்சத்தை வேறொரு காருக்கு அடித்துவிட்டு, மார்த்தாவைக் கண்டதும் பின்பக்கத்தால்)

இல்லை. அருளப்பு எங்கேயும் ஓடவில்லை. கராஜ் வாசலிலேயே நின்றார்.

"உப்புக் காத்து, பிள்ளை. மன்னாரிலை இரும்பு நிக்குமோ? நான் என்ன செய்ய?"

மார்த்தா கதவின் முன் குந்தினாள். சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, உடையாத ஒரு கொப்புளத்தைக் குத்தினாள். ஒரு துளி நீர் வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அருளப்பு பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது கடலுப்பு இல்லை அண்ணை. கடலுப்பு வைச்ச உடனை நாக்கிலை ஏறும். இது பிந்தித்தான் கசக்குது."

எழும்பி நேரே கராஜ் பின்வளவுக் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளி ஒரு மிடறு குடித்தாள். வாளியை அவரிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்கோ."

அவர் குடித்தார். அதே பிந்திய கசப்பு. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

"இந்தத் தண்ணியைத் தொட்டுத்தான் தேச்சனான்" என்றார். "இதாலைதான் கழுவினனான். உப்பு உள்ளுக்கை இருக்க அதுக்கு மேலை பெயின்றை அடிச்சிருக்கிறன்." வாளியில் மிச்சம் இருந்ததை மண்ணில் கொட்டினார். "அகதியாப் போய் மண்டபம் முகாமிலை இருக்கேக்கை ராமநாதபுரத்திலை ஒரு கடையிலை பழகின வேலை. அங்கை குழாய்த் தண்ணி. தண்ணியையும் பாக்கவேணும் எண்டு ஆரும் சொல்லித் தரேல்லை."

பிறகு தலையை நிமிர்த்தினார்.

"இன்னும் ஏழு வாகனம் இந்தத் தண்ணியிலை போயிருக்கு, பிள்ளை. எல்லாரையும் திருப்பிக் கூப்பிடவேணும்."

"கூப்பிடுங்கோ. முதல் என்ர" என்றாள் மார்த்தா. சொல்லும்போது சிரித்துவிட்டாளாம்.

ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். "பிழை எங்கை எண்டு பிடிபட்டுட்டுதே! பிறகென்ன?" என்றார்.

(நான் நினைத்துவைத்த கள்ளன் இந்த இடத்தில் கதையை விட்டுப் போய்விட்டான். அவன் இடத்தில் வந்திருக்கிறவர் எழுதுவதற்குக் கடினமான ஆள். பிழை விட்டவர், தெரிந்து விடவில்லை, தெரிந்ததும் மறைக்கவில்லை. இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு சண்டைக்காட்சி எழுத முடியாது. வேலைக்காட்சிதான் எழுதலாம்.)

5

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கார் பேசாலை வளவுக்கு வந்தது. அருளப்பு தன் சாமான்களோடு வந்தார். முதல் வேலை நல்ல தண்ணீர். மார்த்தாவின் புருஷன் எட்வேட் ஒரு பீப்பாய் நிறையக் கொண்டுவந்தான். அவள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"இதிலை மீன் கழுவினதோ?"

"ரெண்டுதரம் அலசினனான்."

"நிலத்திலை ஊத்துங்கோ."

ஊற்றினான். குடிதண்ணீர்க் கானுகளை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக் கிணற்றுக்கு ஓடினான். அந்தத் தண்ணீரை மூன்று பேரும் ருசி பார்த்தார்கள். பிறகுதான் கதவில் பட்டது.

கதவுகளைத் தகரம் வரை சுரண்டினார்கள், கழுவினார்கள், வெயிலில் காயவிட்டார்கள், அடிப்பூச்சு அடித்தார்கள். மன்னாரில் அந்த இளநீலத்தில் கார்ப் பெயின்ற் இல்லை. கரண்டும் இல்லாததால் பெயின்றை விசிறுகிற கம்பிரசர் ஓடாது. அருளப்பு தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

எட்வேட்தான் கேட்டான்: "வள்ளத்துக்கு ஆர் கம்பிரசர் வைச்சு அடிக்கிறான்?"

அருளப்பு அவனை நிமிர்ந்து பார்த்தார். வள்ளத்துக்கு அடிக்கிற வெள்ளையும் நீலமும் எட்வேட்டிடம் இருந்தன. காரின் டிக்கிக்குள், யாரும் தொடாத மூலையில், தொழிற்சாலையில் அடித்த பழைய இளநீலம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கலந்தார்கள். நீலம் ஒரு சொட்டுக் கூடியது. வெள்ளை விட்டார்கள். வெளிறிப் போயிற்று. திரும்ப நீலம். தகர மூடியில் தொட்டு டிக்கிக்குள் பிடித்துப் பார்த்த அருளப்பு மூடியை மார்த்தாவிடம் நீட்டினார். எது மூடி, எது கார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவை மட்டும் அடித்தால் பழையபடி இரண்டு நிறம். ஆகவே முழுக் காரையும். எட்வேட்டும் அவனோடு கடல் தொழிலுக்குப் போகும் நாலு பேரும் தூரிகையோடு இறங்கினார்கள். வள்ளம் அடிக்கிற கை நீளமாக இழுக்கும். அருளப்பு பின்னாலேயே நடந்து, "மெல்லிசா, மெல்லிசா" என்றார். மார்த்தா முன்பக்கத்துப் பொனற்றைத் தானே அடித்தாள். பின்னேரம் நாலு மணிக்கு வளவின் நடுவில் ஒரே நிறத்தில் ஒரு கார் நின்றது. பார்க்க வந்தவர்களைக் கிட்ட விடாமல் எட்வேட் வலையால் வேலி கட்டினான்.

"ரெண்டு நாளைக்கு ஆரும் தொடக்கூடாது" என்றார் அருளப்பு.

அவர்களிடம் ஒரு இரவு இருந்தது.

6

சனி காலை. பாலம். அதே கோப்ரல்.

(இந்த இடத்துக்கு இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் திருப்பி அனுப்புகிறான். அது நன்றாக வந்தது, பொய்யாகவும் இருந்தது.)

அவன் புத்தகத்தை விரித்தான். சுற்றி நடந்தான். டிக்கியைத் திறக்கச் சொல்லி உள்நிறத்தையும் வெளிநிறத்தையும் பார்த்தான். பிறகு பொனற்றில் சுட்டுவிரலை அழுத்தினான். விரல் ஒட்டியது. இழுத்தான். பொனற்றில் ரேகை, விரலில் நீலம்.

"மே மொன பாட்டத?" என்றான். இது என்ன நிறம்?

மார்த்தா அவன் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்: "லா நில், மாத்தயா." இளநீலம்.

அவன் புத்தகத்தைப் பார்த்தான். விரலைப் பார்த்தான். காற்சட்டையில் துடைக்கப் போனவன், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டான்.

"யன்ன" என்றான். போ.

பாலத்தில் மார்த்தா பாடிக்கொண்டு போனாளாம். என்ன பாட்டு என்று சொல்ல மறுத்துவிட்டார்.

7

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியவேண்டும். பிரான்சிஸ்காவின் கலியாணம் நடந்தது. மார்த்தா அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணங்களுக்கு ஓடினார். அருளப்பு ஏழு வாகனங்களையும் கூப்பிட்டு நல்ல தண்ணீரில் திரும்பச் செய்து கொடுத்தார். இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கிறேன்.

முருங்கனில் ஹோர்ன் கேட்டதும் பிரான்சிஸ்கா வெள்ளைச் சீலையோடு ஓடிவந்து, மார்த்தா "தொடாதே" என்று சொல்ல முன்னம், கதவில் உள்ளங்கையை வைத்துவிட்டாள். அந்தக் கையாலேயே சீலையைச் சரிசெய்தாள். பேசாலைக் கோயில் வாசலில் இறங்கியபோதுதான் கண்டார்கள். இடுப்புக்குக் கீழே ஐந்து விரலும் நீலமாக.

நான் ஒரு முடிவு வைத்திருந்தேன். பிரான்சிஸ்கா அதைப் பார்த்து, "மாதாவின்ர நிறம்தானே அக்கா" என்கிறாள். மார்த்தாவிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவள் எங்கை அப்பிடிச் சொன்னவள்? 'அக்கா, தின்னர் இருக்கோ?' எண்டு கேட்டவள்."

இருந்தது. அருளப்பு ஒரு சின்னப் போத்தலில் கொடுத்துவிட்டிருந்தார். ஆனால் அது நைலோன் சீலை. தின்னர் பட்டால் நீலம் போகலாம். சீலையும் சேர்ந்து போகலாம். விட்டால், ஊர் முழுக்கப் பார்க்க ஐந்து விரலோடு பீடம் வரை நடக்கவேண்டும்.

பிறகு என்ன செய்தார்கள் என்று மார்த்தா எனக்குச் சொன்னார். இரண்டு விதமாக எழுதினேன். இரண்டும் சரியாக வந்தன. ஆகவே இரண்டையும் இங்கே வைக்கவில்லை.

நீங்கள் இப்போது கார்க் கதவடியில் நிற்கிறீர்கள். போத்தலின் மூடி திறந்தாயிற்று, மணம் வருகிறது. பிரான்சிஸ்கா சீலையை இழுத்துப் பிடித்தபடி உங்கள் முகத்தையே பார்க்கிறாள். உள்ளே பாட்டு இரண்டாம் அடிக்கு வந்துவிட்டது. வெள்ளை அங்கியோடு பங்குச் சுவாமி படியால் இறங்கி வருகிறார்.

கெதியாய்ச் சொல்லுங்கள். ஊற்றவா, விடவா?