உப்புமூட்டை ஏறிய சிப்

டிவி மெக்கானிக் தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் மெமரியைக் கூட்டிய காலையில், அவருடைய மனைவிக்குச் சிறுவயது முழுவதும் ஞாபகம் வந்தது. அவளுடையது அல்ல, அவருடையது.

முந்தைய வருடம் மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்தெழுந்த அந்தத் தையல்காரிக்குத் துணி வெட்டுவது மறக்கவில்லை, மகளும் மறக்கவில்லை, கணவனைத்தான் மறந்துவிட்டாள். "சார்" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். சோறு போட்டுவிட்டு, "சார், வீட்ல தேட மாட்டாங்களா?" என்பாள். அவள் தையல் அளவுகளை ஏற்றிவைக்கும் கம்ப்யூட்டருக்கும் அதே வியாதி. புது அளவு உள்ளே போனால் பழையது தொலையும். அந்தக் கணமே அவளும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, யார் இவர் என்று பார்ப்பாள். இரண்டும் ஒரே கோளாறுதான் என்று மெக்கானிக் முடிவுகட்டினார். மனைவியின் தலையைத் திறக்க முடியாது. கம்ப்யூட்டரைத் திறக்கலாம்.

அந்த மாடலுக்கு மெமரி விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பட்டறையில் செத்துக் கிடந்த தன் முதல் கம்ப்யூட்டரின் சிப்புகளைக் கழற்றி, இருந்தவற்றின் முதுகில் உப்புமூட்டை ஏற்றினார். சிப்பின் கம்பிக் காலோடு கால் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்து, ஒரே ஒரு காலை மட்டும் தூக்கித் தனி ஒயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் பதில் சொல்லும். பக்கத்தில் வேடிக்கை பார்த்தவள், "சாருக்கு மூக்கு நல்லா இருக்கு" என்றாள். கூச்சத்தில், தூக்க வேண்டிய அந்தக் காலையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் ஓடியது. அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு, சைக்கிளிலிருந்து விழுந்த கதையைச் சொன்னாள். வடு அவர் காலில் இருந்தது. பிறகு, "பஸ் ஸ்டாப்ல ஒரு பொண்ணு, பல்லால நூலைக் கடிச்சிட்டு நின்னா. எனக்கு நெஞ்சு அடைச்சுது" என்றாள்.

"அது நீதான்."

"தெரியுதே. ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு என்னையே பாத்துட்டு நின்ன ஆளும் தெரியுது. ஏங்க, அன்னிக்கே வந்து பேசினா என்னவாம்?"

சார் போய் 'ஏங்க' வந்ததில் அவர் அழுதே விட்டார். ஆனாலும் தொழில் மானம் விடவில்லை. சிப்பின் அந்தக் காலைத் தூக்க, பற்றவைக்கும் சூட்டுக்கோலை மறுபடி எடுத்தார்.

"கைய வெச்சீங்க, ஒடிச்சிடுவேன்!"

அந்தக் கம்ப்யூட்டரை அப்புறம் யாரும் அணைக்கவில்லை. அவருக்குப் பொய் சொல்லும் வசதி மட்டும் போயிற்று. எந்தக் கடையில் நின்று சிகரெட் பிடித்தார் என்பது அவர் வாசல் ஏறுமுன் அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். மகள் அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டியதை அம்மாவிடமே கேட்டு முடித்துக்கொண்டாள். அப்படிச் சிரித்துச் சண்டைபோட்டு வருடங்கள் ஓடின. ஒரு மழைக்காலத்தில் மெக்கானிக் தூக்கத்திலேயே இறந்தார்.

சில வாரம் கழித்து வெளியூரிலிருந்து வந்த அவளுடைய தம்பி, பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து, "மாமா, போயிட்டீங்களே மாமா!" என்று அழுதான்.

ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "எங்கடா போயிட்டேன்? இங்கதான இருக்கேன். மூக்கைச் சிந்திட்டு அந்த நூல்கண்டை எடு, மாப்ள."

"சரி மாமா" என்று அவன் எடுத்துக் கொடுத்தான்.