இரண்டு அங்குல வேர்

மூன்றாவது தடவையாகக் கழுவியும் பிளாஸ்கிலிருந்து அந்த இனிப்பு வாசனை போகவில்லை. சோப்பு நுரையோடு பிரஷ்ஷை உள்ளே விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள் அவள். முன்னறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இன்னும் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வண்டி அவரைக் கொண்டுவந்துவிடும். அதற்குள் வீட்டை ஒழுங்குபண்ண வேண்டுமென்று தெருக்காரர்கள் ஆளுக்கொரு வேலையை எடுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். செத்தவரின் மனைவி மட்டும் சமையலறையில் ஒரு பிளாஸ்கோடு மல்லுக்கு நின்றாள்.

மாடி வீட்டு டீச்சர் வந்து கையைப் பிடித்தாள். "இப்ப எதுக்குங்க இதெல்லாம் கழுவிக்கிட்டு? கொஞ்ச நேரம் உக்காருங்களேன்."

"இதோ ஆச்சு."

"உங்களை மாதிரி யாரு பாத்துக்குவாங்க? வேளாவேளைக்கு மாத்திரை, வேளாவேளைக்கு அந்த வேர்த் தண்ணி. ஒரு நாள் தவறினதுண்டா? உங்க கவனிப்புலதான் மனுஷன் இத்தனை நாள் நடமாடினாரு."

அவள் பிரஷ்ஷை மறுபடி உள்ளே விட்டாள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவளுக்கு ஊசி குத்துவதொன்றும் புதிதல்ல. ஆனால் இன்று வந்தவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த மேடையில் என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லிக்கொண்டிருந்ததால் ஊரில் அவருக்கு மைக்காரர் என்றே பெயர். பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பேச ஆளில்லாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். தலைப்புச் செய்தி முதல் 'வீடு வாடகைக்கு' வரை ஒன்றையும் விடமாட்டார். பக்கத்து ஊர்த் தீ விபத்தைக்கூட, ஏதோ வண்டி பத்து நிமிடம் தாமதம் என்கிற மாதிரிதான் படிப்பார். அவள் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் குரல் ஒன்றுதான் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

அதில்தான் இருமல் வந்து விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். சளியில்லை, காய்ச்சலில்லை, வறட்டு இருமல். மூன்று குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல். ஒரு பத்தியை முடிப்பதற்குள் நாலு தடவை நிறுத்துவார். ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போதும், நீயே படிச்சுக்கோ" என்று எழுந்து போய்விட்டார். அன்று மெஷின் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை.

மறுநாளே நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அதிமதுரம் வாங்கி வந்தாள். தொண்டைக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்த வேர்தானே. வாயில் போட்டால் சர்க்கரை மாதிரி இனிக்கும். எதையும் கண்ணளவில் செய்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. இஞ்சு டேப்பை வைத்து இரண்டு அங்குலம் அளந்து, நறுக்கி, தட்டிப்போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்ற வைத்துக் கொடுத்தாள். அவர் குடித்தார். ஒரு மணி நேரம் இருமாமல் பேப்பரை முழுசாகப் படித்தார். கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டு, "பயணிகள் கவனத்திற்கு, இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்று மைக் குரலில் வேறு சொன்னார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் வேரை யாரால் விட முடியும்?

இரண்டு அங்குலம் போன வருஷம் நாலு அங்குலமானது. ஒரு வேளை மூன்று வேளையானது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறதே என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்; கால் வீங்குகிறதே என்று நீர் பிரிகிற மாத்திரையும் சேர்த்தார். அதையும் அவள் கண்ணும் கருத்துமாகக் கொடுத்தாள். போன மாதத்திலிருந்து அவருக்குத் தொடையில் பலமில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க மெஷினைப் பிடித்துக்கொண்டார். வயசாகிறது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். நேற்றுக் காலை குளியலறையில் கால் மடங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளவயது டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. எழுதிக் கொடுத்த மாத்திரை தவிர வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?"

"இல்லீங்க. டாக்டர் கொடுத்தது மட்டும்தான். ஒரு வேளை தப்பினதில்லை" என்றாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லும்போது பிளாஸ்க் அவள் பையில்தான் இருந்தது. சாயங்காலம் அதிலிருந்து ஒரு டம்ளர் கொடுத்தாள். இன்று விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்து இன்னொரு டம்ளர் கொடுத்தாள். "பேப்பர் எங்கே?" என்று அவர் கேட்டார். வெளியே வாங்கி வருகிறேன் என்றாள்.

அவள் பேப்பரோடு திரும்பியபோது நர்ஸ் பிளாஸ்கைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"இருமலுக்குங்க. அதிமதுரத் தண்ணி."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. தினமும்."

நர்ஸ் ஓடினாள். டாக்டர் ஓடிவந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "நேத்தே கேட்டேனேம்மா" என்று மட்டும்தான் சொன்னார்.

"நீங்க மருந்துன்னுதானே கேட்டீங்க?"

டாக்டர் பிளாஸ்கை வாங்கி மூடினார். "கெட்டது இல்லம்மா இது. தொண்டைக்கு நல்லதுதான். நாலஞ்சு நாள் குடிச்சா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா பிரஷர் இருக்கிறவங்க, அதுலயும் நீர் மாத்திரை சாப்பிடுறவங்க, தினம் குடிக்கக் கூடாது. பிரஷரை ஏத்தும். பொட்டாசியத்தை இறக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாப் போகும்." பிறகு கேட்டார். "இருமல் எப்ப ஆரம்பிச்சுது?"

சொன்னாள்.

"அந்தப் பிரஷர் மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். டாக்டர்கிட்ட இருமல்னு சொல்லியிருந்தா மாத்திரையை மாத்திக் கொடுத்திருப்பாங்க."

இருமலை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? வேரில்தான் அடங்கிவிடுகிறதே! அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டிலுக்குப் பக்கத்து மெஷின் கத்த ஆரம்பித்தது. அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். பதினொன்று பத்துக்குக் கதவைத் திறந்தார்கள். "இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்மா. வயசு, இதயம், எல்லாம் இருக்கு" என்றார் டாக்டர். நல்ல பையன். ஆனால் 'இதனால் இல்லை' என்றும் அவர் சொல்லவில்லை. மடிப்புக் கலையாத பேப்பர் அவள் கக்கத்தில் இருந்தது.

"அண்ணி!"

நாத்தனார் வந்துவிட்டாள். அவருக்கு ஒரே தங்கை. ஐம்பத்தெட்டு வயதாகியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான், அதனால் அண்ணிக்கும் பாப்பாதான். பஸ்ஸில் நாலு மணி நேரம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள், முகம் வீங்கியிருந்தது. இரண்டு பேரும் சமையலறையில் நின்றபடியே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாப்பா விம்மினாள், விம்மல் நின்றதும் இருமினாள். மூன்று குட்டை, ஒரு நெட்டை.

அவள் பாப்பாவின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"மூணு மாசமா இப்படித்தான் அண்ணி. தொண்டையில ஏதோ உராயுது. சளியும் இல்லை, ஒண்ணும் இல்லை." பாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். "தண்ணி கொடுங்க. பிரஷர் மாத்திரை, மதியத்துது போடவே இல்லை. எனக்கும் வந்திடுச்சு பாருங்க, குடும்பச் சொத்து."

நீலக் கோடு போட்ட வெள்ளி அட்டை. அதே அட்டையிலிருந்து இரண்டு வருஷம் தினமும் ஒன்றைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தவள் அவள். டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். பாப்பா விழுங்கிவிட்டு மறுபடி இருமினாள்.

"அண்ணனுக்கு ஒரு வேர்த் தண்ணி கொடுப்பீங்களே. போன்ல எப்பப் பாத்தாலும் அந்தப் பேச்சுதான். உங்க அண்ணி கையால குடிச்சா குரல் மணி மாதிரி இருக்குன்னு பீத்திக்குவாரு. எனக்கும் கொஞ்சம் போட்டுக் கொடுங்க அண்ணி. அண்ணன் வர்றப்ப இருமிக்கிட்டே நிக்க முடியாது."

"தீந்துபோச்சு பாப்பா."

"அதோ இருக்கே." பாப்பா எட்டி அலமாரியிலிருந்து கண்ணாடி ஜாடியை எடுத்துவிட்டாள். உள்ளே ஒரே அளவில் நறுக்கின துண்டுகள், சாக்பீஸ் அடுக்கின மாதிரி இருந்தன. மேலேயே இஞ்சு டேப் சுருட்டி வைத்திருந்தது. "எத்தனை போடணும்னு காட்டுங்க, நானே போட்டுக்கறேன். ஊருக்குப் போனாலும் தினம் போட்டுக் குடிக்கலாம்." மூடியைத் திருகும்போதே பாப்பாவின் குரல் உடைந்தது. "போகவே வேண்டாம்னு இருக்கு. இனிமே எனக்கும் நீங்கதான், உங்களுக்கும் நான்தான். பத்து நாள் இங்க இருக்கேன். அப்புறம் நீங்க என்கூட வந்திடுங்க. மெஷினை என் வீட்டு ஜன்னலோரமாப் போட்டுக்கலாம்."

ஒரு தடவை குடித்தால் ஒன்றும் ஆகாது. டாக்டரே சொன்னார். இன்றைக்குக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வேறு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பத்து நாள் கழித்தும் இதே வாயால்தானே சொல்ல வேண்டும்? சொன்னால் ஜன்னலோரம் போய்விடும். சொல்லாவிட்டால், அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு பாப்பா இருமுவதையும் குடிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னலைப் பற்றி இந்த நேரத்தில் யோசிப்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் ஜாடியைப் பாப்பா கையிலிருந்து வாங்கினாள்.

"இது உனக்கு வேண்டாம். உன் இருமலுக்கு அந்த மாத்திரையே காரணமா இருக்கலாம். நீயா நிறுத்திடாதே. டாக்டர்கிட்டப் போய் இருமுதுன்னு சொல்லு, வேற மாத்திரை தருவாங்க."

"அதுக்கும் வேருக்கும் என்ன அண்ணி?"

"பிரஷர் இருக்கிறவங்க இதைத் தினம் குடிக்கக் கூடாதாம். பிரஷர் ஏறுமாம். இதயத்தைக் கெடுக்குமாம்."

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரி டாக்டர். இன்னிக்குக் காலையில."

பாப்பா அவளைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், தொட்டியில் நுரையோடு கிடந்த பிளாஸ்கைப் பார்த்தாள். "அப்ப அண்ணன்..." என்றாள்.

"எனக்குத் தெரியாது பாப்பா. அப்படித்தான்னு அவர் சொல்லலை. நான்தான் கொடுத்தேன். ரெண்டு வருஷம், தினமும். இன்னிக்குக் காலையிலயும் கொடுத்தேன்."

பாப்பா திட்டியிருந்தால், ஜாடியைப் பிடுங்கி எறிந்திருந்தால், இவளும் ஓவென்று அழுதிருப்பாள். பாப்பா மாத்திரை அட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது. "வந்தாச்சு, வந்தாச்சு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டிய முறைப்படி நடந்தது. ஒரு ஓட்டுநர் அவரைப் பார்த்துக் குலுங்கி அழுதார்; மைக்காரர் குரலைக் கேட்டுத்தான் பதினைந்து வருஷம் வண்டியை எடுத்தாராம். டீச்சர் பாப்பாவிடம், "உங்க அண்ணி மாதிரி யாரும் பாத்துக்க முடியாதும்மா" என்றாள். பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள். எல்லாம் முடிந்து திரும்பியதும் பாப்பா உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் முன்னறையில் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

காலையில் வாசலில் பேப்பர் வந்து விழுந்தது. அவள் அதை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தாள். வேர் ஜாடியை நேற்றே காலி செய்து குப்பையில் கொட்டியிருந்தாள். கழுவின ஜாடி கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், சத்தத்துக்காகவே சற்று நேரம் ஓடவிட்டு மூடினாள்.

உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. மூன்று குட்டை, ஒரு நெட்டை.

அவளுடைய கை தானாக அடுப்பைப் பற்ற வைத்தது, தண்ணீரை வைத்தது, இஞ்சு டேப்பைத் தேடியது. பிறகுதான் நினைவு வந்தது. தண்ணீர் கொதிக்கும்வரை நின்றாள். அப்படியே டம்ளரில் ஊற்றி, சூடு பொறுக்குமளவுக்கு ஆற்றி, உள்ளறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

பாப்பா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வெந்நீர்தான்" என்றாள் அவள்.

பாப்பா கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளே பார்த்தாள். அப்புறம் குடித்தாள்.