அகில உலகக் கணித மேதை

போட்டிக்குப் பெயர் 'அகில உலகக் கணித மேதை'. அகில உலகம் என்றால், ஆமத்தூரில் தொடங்கி, ஆனைக்குட்டத்தைத் தொட்டுக்கொண்டு, விஸ்வநத்தத்தோடு முடிந்துவிடுகிற உலகம். அதற்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளையும் வருவதில்லை. எப்போதோ துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் தன் மகனையும் எழுத உட்கார வைத்தாராம். அன்றைக்கு ஒட்டிய 'அகில உலகம்' அப்புறம் உரிந்து விழவே இல்லை. நடத்துகிறவர் தங்கப்பாண்டியன். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனிக்கும், அதன் காம்பவுண்டை ஒட்டியே இருக்கிற மெட்ரிக் பள்ளிக்கும் அவர்தான் முதலாளி.

அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறவள் மஹ்ரீன். கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு. அந்த நூறுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவளுடைய அத்தா நிஜாம் விருதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் துணி முழுக்க அவர் கடையிலிருந்துதான் போகிறது. ஒரு தடவை பரீட்சையில் ஒரு கணக்கைப் பாதியிலேயே விட்டுவிட்டு வந்தாள். அதற்கும் முழு மார்க் விழுந்தது. கணக்கு சார் அருள்பாண்டியிடம் போய்க் கேட்டால், "மீதி உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்லம்மா" என்று பல்லைக் காட்டினார். அன்றோடு அவள் நிம்மதி போயிற்று. தனக்கு உண்மையிலேயே கணக்கு வருகிறதா, இல்லை, இது அத்தாவின் துணிக்கு வருகிற மார்க்கா? அடுத்த வருஷம் பதினொன்றில் கணக்கு குரூப் எடுப்பதா வேண்டாமா என்பது இந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிப்பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எழுதுகிற போட்டியில் தன் தாளை யாராவது ஒழுங்காகத் திருத்தினால் தெரிந்துவிடும் என்று நம்பினாள். பாவம், நடத்துகிறவர் தங்கப்பாண்டியன் என்பதை மறந்துவிட்டாள்.

போட்டிக்கு முந்தின வாரம் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் வரப்போகிற வருஷத்துக் காலண்டர் அட்டை, மை வாடைகூடப் போகாமல் கிடந்தது. அதில் மஹ்ரீன் கையில் வெள்ளிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே தங்க எழுத்தில் 'அகில உலகக் கணித மேதை, முதலிடம்'. கோப்பை எவனோ கபடியில் ஜெயித்தது. கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து அவள் கையில் ஒட்டியிருந்தார்கள்.

"சார், இன்னும் பரீட்சையே வைக்கலையே?"

"வைக்கத்தான போறோம். யாரு இல்லேன்னா?" என்றார் தங்கப்பாண்டியன். "பரீட்சையை எப்ப வேணும்னாலும் வச்சுக்கிறலாம். மிசினு எப்ப வேணும்னாலும் கெடைக்குமா? தீபாவளி முடிஞ்சா முழு சீசன். வெளியூர் ஆர்டருக்கே எடமில்லாம முளிச்சுக்கிட்டு இருக்கோம். அதான் நம்ம பள்ளிக்கூடத்து காலண்டரை மொதல்லயே ஓட்டிவிட்டோம்."

"நான் பஸ்ட் வரலைன்னா?"

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அச்சடிச்சாச்சேம்மா" என்றார்.

சிவகாசியில் அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை. அடுத்த வருஷத்து ராகு காலத்தையும் நல்ல நேரத்தையும் இந்த வருஷமே அடித்து, மூட்டை கட்டி, லாரி ஏற்றிவிடுகிற ஆட்கள். அடுத்த வாரத்துப் பரீட்சை முடிவை அடிப்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு காரியமா? இவர்களிடம் போய்க் கணக்கை ஒப்படைத்த ஊரைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் அட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். நிஜாம் அதைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, பூரித்துப் போனார். "போட்டோ நல்லா விழுந்திருக்கே! யூனிபார்ம் கலரும் கரெக்டா வந்திருக்கு."

"அத்தா, நான் போய் எளுதணுமா?"

"போகாம? சொந்தக்காரக அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாச்சு."

அவள் போனாள், வீம்புக்குத்தான் போனாள். முதலிடத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், என் தாளுக்கு என்ன மார்க் என்று தெரிந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கேள்வித்தாள் அருள்பாண்டி தயாரித்தது. அதாவது, ஒரு பழைய கைடிலிருந்து வரிசை மாறாமல் பெயர்த்து எடுத்தது. கடைசிக் கேள்வி ஒன்றுதான் உருப்படி. அது என்னவென்று புரிந்திருந்தால் அதையும் விட்டிருப்பார். 'எந்த ஐந்து முழு எண்களை எடுத்தாலும், அவற்றில் ஏதாவது மூன்றின் கூட்டுத்தொகை மூன்றால் மீதியில்லாமல் வகுபடும் என்று நிறுவுக.' மற்ற பிள்ளைகள் அதைத் தாண்டி பிஸ்கட்டுக்குப் போய்விட்டார்கள். மஹ்ரீன் மட்டும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மட்டுமல்ல. பக்கத்து பெஞ்சில், ஆமத்தூர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சினேகா என்கிற பெண்ணும் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் இன்னொரு தாள் கேட்டபோது, "எம்புட்டுத் தாளுதான் கேப்ப?" என்று, சொத்தில் பங்கு கேட்ட மாதிரி மேற்பார்வையாளர் முறைத்தார்.

மதியம் பிரியாணி. பிரியாணி செலவை ஏற்றவர் மகளுக்கு இரண்டாம் பரிசு. பந்தல் போட்டவர் மகனுக்கு மூன்றாம் பரிசு. மஹ்ரீன் கோப்பையை வாங்கிக்கொண்டு, கைதட்டல் அடங்குவதற்குள் மேடையை விட்டு இறங்கி, நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள். மேடையில் நாற்காலி கிடைக்காத கோபத்தில் அருள்பாண்டி அங்கே பெஞ்சில் படுத்துக் கிடந்தார்.

"சார், எனக்கு எம்புட்டு மார்க்கு?"

"பஸ்ட் வந்த பிள்ளைக்கு எதுக்கும்மா மார்க்கு?"

"என் பேப்பரைப் பாக்கணும் சார்."

அவர் சலிப்போடு தலையைத் தூக்கினார். தலைக்கு வைத்திருந்ததுதான் விடைத்தாள் கட்டு. காலையில் வைத்த அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. நடுவில் அவர் தலை அமுக்கிய பள்ளம் மட்டும்தான் புதிது.

"எடுத்துக்கோ. எப்படியும் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்."

அந்த ஐந்து எண்களோடு மஹ்ரீன் பட்ட பாட்டை ஒரு மனுஷர்கூடக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. தோற்றிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. முத்திரையை உடைத்து, தன் தாளைத் தேடி எடுத்தாள். கூடவே சினேகாவின் தாளையும் எடுத்தாள்.

சினேகா சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள்.

"இந்தா, நீ என் பேப்பரைத் திருத்து. நான் உன்னதைத் திருத்துறேன்."

சினேகா கோப்பையைப் பார்த்தாள். "நீதான் பஸ்ட்டாச்சே. கேலி பண்ணுறியா?"

"யாரும் திருத்தவே இல்லை."

"அது தெரிஞ்சதுதான. ஆறுதல் பரிசு டிபன் பாக்ஸை எங்க பிள்ளைகளுக்கு உள்ள நுழையும்போதே குடுத்துட்டாகளே."

"தெரிஞ்சுமா உக்காந்து எளுதுன?"

"கடைசிக் கணக்கு நல்லாருந்துச்சு" என்றாள் சினேகா.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சினேகா பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். கடைசிக் கணக்கில் பென்சில் நின்றது.

"மூணால வகுத்தா மீதி பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுதான் வரும். மூணு மீதியும் வந்தா வகைக்கு ஒண்ணு எடுக்கச் சொல்லிருக்க, சரி. அஞ்சுக்கும் ஒரே மீதின்னா எந்த மூணையும் எடுக்கச் சொல்லிருக்க, அதுவும் சரி. ரெண்டு வகை மீதி மட்டும் வந்தா? அதை விட்டுட்டியே."

மஹ்ரீன் பார்த்தாள். விட்டுத்தான் இருந்தாள். முகம் சூடாகிவிட்டது. அடுத்த நொடி, "அஞ்சு எண்ணு, ரெண்டே வகை... ஏதாவது ஒரு வகையில மூணு சேந்துதான ஆகணும்! அந்த மூணையும் எடுத்தா முடிஞ்சுபோச்சு!" என்று கத்தினாள்.

"இப்பச் சொல்ற. பேப்பர்ல இல்லையே. பாதி மார்க்குதான்." சினேகா கொஞ்சமும் தயங்காமல் சுழித்துப் போட்டாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மஹ்ரீனுக்கு மார்க் குறைந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இந்தத் தப்பு துணிக்கு வந்ததில்லை, முழுக்க அவளுடையது. அதைச் சரிக்கட்டியதும் அவள்தான். கணக்கு குரூப்பேதான் என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டு, சினேகாவின் தாளைப் பிரித்தாள். கோழி கிண்டிய மாதிரி கையெழுத்து. குற்றம் கண்டுபிடிக்க ஆனமட்டும் பார்த்தாள். கடைசிக் கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. முன்பக்கங்களில் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

"ஏம்மா மஹ்ரீன்!" கேட் பக்கமிருந்து தங்கப்பாண்டியன் போட்டோக்காரரை இழுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். "அங்கன என்ன பண்ற? பத்திரிகைக்காரக காத்திருக்காக. பஸ்ட் வந்த பிள்ளையை உடனே கூட்டிட்டு வரச் சொல்றாக."

மஹ்ரீன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கச் சொல்லுங்க சார். யாரு பஸ்ட்டுன்னு இன்னும் திருத்தி முடிக்கலை."