பௌர்ணமி வியாபாரம்

பால்காரர் செழியன் கேனை வண்டியிலிருந்து இறக்க மறுத்தார். "பழைய பாக்கி வரட்டும்க்கா."

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் டீக்கடை நடத்தும் திரௌபதிக்குப் போன மாதம் போன் வழியே வந்த பணத்தைப் பேமென்ட் கம்பெனி முடக்கி வைத்திருந்தது. அன்றைக்கோ பௌர்ணமி கிரிவலம்.

விசாரிக்க, கம்பெனி அதிகாரி வீடியோ காலில் வந்தார்.

"மாசம் பூரா காத்து வாங்குற கடைக்கு ஒரே நாள்ல ஆயிரம் பேர் பணம் போட்டா சந்தேகம் வராதாங்க?"

திரௌபதி போனைச் சாலைப் பக்கம் திருப்பினாள். ஜனவெள்ளம் "அரோகரா" என்று நகர்ந்துகொண்டிருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்குப் பௌர்ணமியா?"

"ஆமாங்க. அதுவும் போன பௌர்ணமிக்கு வந்த பணந்தாங்க. எனக்கு மாசத்துல இந்த ஒரு நாள்தான் வியாபாரம்."

"பணத்தை விடுவிச்சுட்டேங்க. அப்படியே மலையையும் காட்டுங்க, கும்பிட்டுக்கறேன்."

திரௌபதி சிரித்தபடி காட்டினாள். அதற்குள் செழியன் இரண்டாவது கேனையும் இறக்கியிருந்தார்.