Y-ஐ அழுத்தினால் ஏற்க மறுக்கிறது

1

இந்தக் கதை ஒரு கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரியாக முடிந்திருக்க வேண்டியது.

2009-இல் ஒரு கணினி மாத இதழில் வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். சிடி டிரைவ் இல்லாத குட்டி மடிக்கணினிகள் புழக்கத்துக்கு வந்திருந்த நேரம். பென் டிரைவிலிருந்து இயங்குதளம் போடுவது எப்படி என்று எட்டுப் படிகளாக விளக்கியிருந்தேன். அடுத்த மாதம் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது.

“ஐயா, எட்டுப் படிகளையும் செய்தேன். கடைசியில் ‘எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? Y/N’ என்று கேட்கிறது. Y-ஐ அழுத்தினால் ஏற்க மறுக்கிறது. திரும்பவும் அதையே கேட்கிறது. பதினோரு தடவை அழுத்திவிட்டேன். இப்படிக்கு, ச. அருணாதேவி, அடி அண்ணாமலை.”

கீழே ஒரு செல் நம்பர். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதல் வரைவு இப்படி:

“அருணாதேவி பென் டிரைவைச் செருகியபோது மலையுச்சியில் மேகம் ஒன்று—”

வேண்டாம். எங்கள் ஊரில் எதை எழுத உட்கார்ந்தாலும் மலை தானாக வந்து நின்றுகொள்கிறது. நேராகவே சொல்கிறேன்.

அவள் கணவன் சக்கரபாணி ஆட்டோ ஓட்டுகிறான். (கடிதத்தில் ‘அவர்’ ஆக இருந்தவர் கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆகிவிட்டார். மன்னிக்க வேண்டும்.) உர்சுலா என்ற ஜெர்மன் பெண் இரண்டு குளிர்காலம் அடி அண்ணாமலையில் வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். காய்கறி வாங்க, பாங்குக்குப் போக, எல்லாவற்றுக்கும் அவன் ஆட்டோதான். மார்ச் மாதம் ஊருக்குத் திரும்பும்போது தன் மடிக்கணினியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது.

“ஏங்க, அந்தம்மா பாஸ்வேர்டு எதுனா சொல்லிச்சா?”

“அது எனக்கு எப்டி தெரியும்? எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக்கோ தேவி.”

சாதாரணமாகத்தான் சொன்னான். (சாதாரணமாகத்தான் சொன்னானா? இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்து எழுதிவிட்டேன்.)

அவளுக்கு அந்தக் கணினி அவசரமாகத் தேவைப்பட்டது. வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மணியம்மாளுக்குப் படிவங்களைத் தட்டச்சு செய்யும் வேலை வந்திருந்தது. “வூட்ல கம்ப்யூட்டர் இருந்தா கொழந்தைய வச்சிக்கினே அடிக்கலாம். அடுத்த மாசம் மொத திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன், அப்பறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்றாள் மணியம்மாள். நாலு மாதக் கைக்குழந்தைக்காரிக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்?

3

முதல் தடவை, இதழோடு வந்த சிடியில் இருந்ததை மணியம்மாள் கடையில் அப்படியே பென் டிரைவுக்கு நகலெடுத்தாள். கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டு நின்றது. எல்லாரும் செய்கிற தப்பு. கோப்புகள் உள்ளே இருந்தால் மட்டும் போதாது, பென் டிரைவிலிருந்து கணினி எழுந்துகொள்ளும்படி அதை ஒரு சின்ன நிரல் கொண்டு தயார் செய்ய வேண்டும்.

இரண்டாம் தடவை தயார் செய்தாள். அப்போதும் உர்சுலாவின் பாஸ்வேர்டையே கேட்டது. பென் டிரைவை முதலில் பார் என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை F2-வை அழுத்தி வரிசையை மாற்றினாள். வேறொரு திரை வந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை.

இங்கேதான் என் ஏழாம் படி வருகிறது. “அழிப்பதற்கு முன், உள்ளே தேவையானது ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.”

பார்த்தாள்.

4

அந்தப் புகைப்படங்களை நான் பார்த்ததில்லை. அவள் போனில் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

ஆட்டோ, குரங்கு, மழையில் நனையும் தெரு. பிறகு சக்கரபாணி. உர்சுலாவின் சமையலறையில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறான். ஏதோ சொல்லிச் சிரிக்கிறான்.

“எங்க வூட்ல தண்ணிகூட மொண்டு குடிக்க மாட்டாரு சார்” என்றாள்.

அடுத்த படத்தில் கையில் ஸ்வீட் டப்பா. கண் கலங்கியிருக்கிறது. கீழே தேதி: குழந்தை பிறந்த நாள். நேரம் மதியம் இரண்டு. அன்று கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரிக்கு அவன் மாலை ஆறு மணிக்குத்தான் வந்தான். வண்டி வழியில் நின்றுவிட்டது என்றான்.

(கேமராவின் கடிகாரம் ஜெர்மன் நேரத்தில் இருந்திருக்கலாம் என்று சமாதானம் தேடினேன். அப்படியென்றால் நம் ஊர் நேரம் ஆறரை. ஆறரைக்கு அவன் தொட்டில் பக்கத்தில் நின்றிருந்தான். கணக்கு உதைக்கிறது.)

உர்சுலாவுக்கு என்ன வயது? முதல் வரைவில் முப்பது வைத்தேன், கதை மலிவாகிவிட்டது. அறுபது வைத்தேன், எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அருணாதேவியையே கேட்டேன்.

“தெரியல சார். வெள்ளக்காரங்களுக்கு வயசே தெரிய மாட்டேங்குது. படத்துல அவங்க எங்கயும் இல்ல, அவர்தான் இருக்காரு.”

அதன் பிறகு, என்ன நினைக்கிறோம் என்று தனக்கே தெரியாமல், எட்டாம் படிக்குப் போய் Y-ஐ அழுத்தியிருக்கிறாள். பதினோரு தடவை.

5

கணினி அழிக்க மறுத்ததற்கு ஆழமாக ஏதாவது அர்த்தம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன். “இயந்திரத்துக்கும் ஒரு மனசாட்சி—” என்று தொடங்கியது. கிழித்துப் போட்டுவிட்டு போன் செய்தேன். சனிக்கிழமை காலை.

“டைப்பிங் தெரியுமாம்மா?”

“லோயர் பாஸ் சார். ஆனா கொழந்த தோள்ல இருந்துச்சு. எழுத்தப் பாத்து ஒத்த வெரல்லதான் அழுத்துனேன்.”

“மேல் வரிசையில என்னென்ன எழுத்து இருக்கு, வரிசையா படிங்க.”

“Q, W, E, R, T, Z…” நிறுத்தினாள். “என்னா சார் இது, Z இங்க கீது? Y கீழ கெடக்குது.”

ஜெர்மன் விசைப்பலகை. அதில் Y-யும் Z-உம் இடம் மாறியிருக்கும். பென் டிரைவில் இருந்த இயங்குதளத்துக்கோ நம்மூர் விசைப்பலகை மட்டும்தான் தெரியும். அவள் Y என்று அழுத்தியதெல்லாம் Z என்றே போய்ச் சேர்ந்திருக்கிறது. பழகிய விரலால், பார்க்காமல் அடித்திருந்தால் முதல் தடவையே எல்லாம் அழிந்திருக்கும்.

எனக்கு ஒரே சந்தோஷம். தெரியாத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதே! “அவ்வளவுதாம்மா. Z-ஐ அழுத்துங்க, வேலை முடிஞ்சது” என்றேன்.

பிறகுதான் மேலே நான்காம் பகுதியில் இருப்பதெல்லாம் வந்தது. முன்பின் தெரியாத ஒருவனிடம், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் “ம்” கொட்டினேன். எட்டுப் படிகளில் இதற்குப் படி இல்லை.

“அவரக் கேட்டீங்களாம்மா?”

“படத்த அழிச்சிட்டா எத வச்சி சார் கேக்கறது? அழிக்கலன்னா திங்கக்கெழம வேல போயிடும். பென் டிரைவ்ல ஏத்திக்கலாம்னா, ஏத்தி வச்சிக்கினு அத எங்க ஒளிக்கிறது?”

குழந்தை சிணுங்கியது. தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்:

“ஏன் சார், N-உம் எடம் மாறியிருக்குமா?”

“இல்லம்மா. N அங்கயேதான் இருக்கு.”

“சரி சார். வெச்சிடறேன்.”

6

முடிவு ஒன்று: Z-ஐ அழுத்தினாள், திங்கட்கிழமை படிவங்கள் வந்தன, கீரை உருவுகிற கணவனை அவள் மட்டும்—

முடிவு இரண்டு: N-ஐ அழுத்தினாள். சக்கரபாணி மதியம் சாப்பிட வந்ததும் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி—

இரண்டையும் முடிக்க முடியவில்லை. ஒன்றில் அவள் மேல் கோபம் வருகிறது, இன்னொன்றில் அவன் மேல்.

நான் சென்னையில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் இருந்தது மணியம்மாள் கடை இருக்கும் அதே வேங்கிக்காலில். அரைமணியில் ஆட்டோ பிடித்துப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த இதழில் அவள் கேள்வியை வெளியிட்டு, “ஜெர்மன் விசைப்பலகையில் Y, Z இடம் மாறியிருக்கும். Z-ஐ அழுத்தவும்” என்று பதில் போட்டேன். N பற்றி எழுதவில்லை. யாரும் எழுத்தில் கேட்கவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

இனி உங்கள் பாடு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கைதான் மிச்சம் இருக்கும்.