ஒரே வாசல்

வாசலில் அடுப்பை மூட்டிப் புளிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்த பாண்டிலட்சுமி, தெருமுனையில் திரும்பிய போலீஸ் பைக்கைப் பார்த்ததும் கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டாள். ஓட்டி வந்தவர் ஏட்டு முனியராஜ். பின்னால் எலக்ட்ரீசியன் பெத்தணன் ஒரு பெரிய பேட்டரியைப் பச்சைப்பிள்ளை போல மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கரண்டு போனா கேமராவும் போயிருதுன்னு சொன்னீகல்ல? ஸ்டேசன்ல சண்ட போட்டு வாங்கியாந்துட்டேன்." வண்டியை நிறுத்தும் முன்பே முனியராஜ் சிரித்தார். "இனிமே கரண்டு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, ஒங்க வாசல விடாமப் பாத்துக்கிட்டே இருக்கும்."

"எதுக்கு சார் ஒங்களுக்கு அம்புட்டுச் செரமம்?" என்றது அவள் வாய். கண் தன்னால் வீட்டுக்குள் போய்த் திரும்பியது.

அந்தக் கேமராவைக் கேட்டு வாங்கியதே அவள்தான். அதை நினைத்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றும். கோயில் பொங்கலுக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடாயை யாரோ களவாண்டுபோன மறுவாரம், போலீஸ்காரர்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். ஊரும் காவலும் கைகோத்தால் குற்றம் குறையும் என்று இன்ஸ்பெக்டர் பேசினார். எல்லாருக்கும் டீயும் வடையும் வந்தது. வடையைக் கையில் வைத்துக்கொண்டே பாண்டிலட்சுமி எழுந்து கத்தினாள். "கூட்டம் போட்டு வட குடுத்தா களவாணிப்பய பயந்துருவானா? தெருவுக்கு ஒரு கேமராவ மாட்டுங்கய்யா!" வராந்தாவே கை தட்டியது. ஆடு போன ஆத்திரத்தில், தன் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

இருந்தது கருந்திரி. பட்டாசுக்கு வைக்கிற, மருந்து ஏற்றிய திரி. அச்சங்குளத்தில் அவள் வேலை பார்த்த கம்பெனியை ஆய்வுக்கு வந்தவர்கள் பூட்டிப் போட்டதிலிருந்து, ஏஜெண்டு சிவபாண்டி கொண்டுவந்து தருவதை வீட்டில் வைத்துக் கட்டுக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருசன் பாண்டிமுருகன் கோயம்புத்தூரில் சாரம் கட்டப் போய்விட்டான். அவன் அனுப்புவது அரிசிக்குக் காணும், மகள் ஆர்த்தியின் படிப்புக்குக் காணாது. வீட்டில் கருந்திரி வைத்திருப்பது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். பிடிபட்டால் ஜெயில். பற்றிக்கொண்டால் ஜெயிலுக்குப் போகக்கூட ஆள் மிஞ்சாது. இதுவும் தெரியும். தெரிந்தவர்கள் எல்லாம் செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் பாதி வீட்டில் உலை ஏறாது.

கேமராவை எதிர்க் கம்பத்தில் மாட்டினார்கள். கரண்டுக்கும் பதிவுப் பெட்டிக்கும் ஒரு வீடு வேண்டும் என்றபோது, "கேட்டவ வீட்டுலயே வச்சிருங்க" என்று தெருவே ஒரே குரலில் சொல்லிவிட்டது. முனியராஜ் தன் போனில் படத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் வீட்டு வாசல், போட்டிருந்த கோலம், படியில் உட்கார்ந்திருந்த ஆர்த்தி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "ஆத்தாடி, நம்ம வாசலா இது!" என்று பாண்டிலட்சுமி கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அன்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இராத்திரி படுத்தபோது முதுகுக்குக் கீழே சாக்குகள் இருப்பது நினைவுக்கு வந்தது. அதன்பிறகு தூக்கம் ஏது.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு அது. ஒரே அறை, ஒரே வாசல். பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் சுவர். இருக்கிற ஒரு சன்னலும் தெருவைப் பார்த்துத்தான். சிவபாண்டியிடம் போனில் அழுதாள்.

"அந்தத் தெருவுக்குள்ள என் வண்டி வராது, தாயி. நீயாக் கொண்டாந்து ரோட்டுல குடு. சீசன் நேரத்துல சரக்க முடக்கிப் போட்டீன்னா, இனி ஒனக்கு வேல கெடையாது."

ஒருநாள் மத்தியானம், தெரு அடங்கியிருந்த நேரம், கேமராவின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு சாக்கை நிலைப்படி வரை இழுத்துவந்தாள். போன் அடித்தது. "அக்கா, கேமரா ஆஃப் ஆயிருச்சே, என்னன்னு பாருங்க." முனியராஜின் குரல். "கரண்டு போயிருச்சு சார்" என்று நாக்கில் வந்ததைச் சொல்லிவிட்டு, சாக்கைத் திரும்ப இழுத்துப்போய்க் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அந்தப் பொய்தான் இன்று பேட்டரியாக வந்து இறங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டு சின்னத்தாய் மதினிக்கு மட்டும் விசயம் தெரியும். "வேலியில போன ஓணானப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டியேடி" என்றாளே தவிர, ஒரு சாக்கையாவது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வாசலும் கேமராவுக்குள்தான். சாக்குகள் வீட்டிலேயே கிடக்கும் என்று ஆன அன்றிலிருந்து பாண்டிலட்சுமி அடுப்பை வெளியே கொண்டுவந்துவிட்டாள். வெயிலோ தூறலோ, சமையல் வாசலில்தான். முனியராஜ் அதைப் போனில் பார்த்துவிட்டு, ஊர்க் காவல் குழுவின் வாட்ஸப்பில் 'வீட்டைப் புகையில்லாமல் வைத்திருக்கும் அக்காவுக்குப் பாராட்டுகள்' என்று போட்டு, கை தட்டும் படமும் போட்டார்.

நல்ல மனுசர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் மனதுக்குள் திட்டியாவது ஆறலாம். எல்லாவற்றையும் அவரிடமே சொல்லிவிடலாமா என்று பல தடவை நாக்கு நுனி வரை வந்ததுண்டு. ஆனால் கீழத்தெரு ராக்காயியைத் திரி வைத்திருந்ததற்காகப் பிடித்துப்போனதும் இதே முனியராஜ்தான். அன்றும் இதே சிரிப்பும் இதே 'அக்கா'வும்தான். "சேலைய மாத்திக்கிட்டு வாங்கக்கா, அவசரமில்ல" என்றாராம்.

"எங்கன மாட்ட?" பெத்தணன் உள்ளே நுழைந்து சுவரை அண்ணாந்து பார்த்தார். அறையில் மருந்து வாசம் இருக்கத்தான் செய்தது. அந்த ஊரில் அது இல்லாத சேலையும் இல்லை, சோறும் இல்லை. அதனால் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

"கதவுக்கிட்ட மாட்டுங்கண்ணே. இங்கன தோதா இருக்கும்."

"வயர் எட்டாதும்மா. கேமராப் பொட்டிக்கு நேர் கீழதான் தட்டு அடிக்கணும்." அவர் கை காட்டிய இடம் கட்டிலுக்கு மேலே. கட்டிலைச் சுற்றித் தரை வரை ஒரு பழைய சேலை தொங்கியது. "கட்டில இழுத்துப் போட்டா வசதி."

"கால் ஆடுதுண்ணே, இழுத்தா ஒடிஞ்சிரும்." அவள் கட்டிலின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அப்ப நான் மேல ஏறி வயரப் பிடிச்சுக்கிறேன்," என்று ஆர்த்தி கட்டில் மேல் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் காலாண்டுப் பரீட்சை விடுமுறை. போலீஸ் மாமாவுக்கு உதவுவதில் அவளுக்கு ஒரு குஷி.

"ஏட்டி, எறங்கு கீள."

"இரும்மா."

"எறங்குங்கிறேன்ல!"

"பிள்ள ஆசைக்குச் செய்யட்டுமே, விடுங்கக்கா," என்றார் முனியராஜ். கேமரா ஓடுகிறதா என்று பார்க்கப் போனைத் திறந்து கையில் பிடித்தபடி, கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

பெத்தணன் துளை போடும் மிசினைச் செருகி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். மிசினின் பக்கவாட்டு ஓட்டைக்குள் நீலமாய்ப் பொறி பறந்தது. பாண்டிலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள். கம்பெனியில் மருந்து அறைக்குள் கால் வைக்குமுன் கொலுசைக் கழற்றச் சொல்வார்கள். இரும்பும் இரும்பும் உரசக் கூடாது, தரையில் எதையும் இழுக்கக் கூடாது. அத்தனையும் காலம் காலமாக உடம்பில் ஊறிய பழக்கம். இப்போது அவள் வீட்டுக்குள்ளேயே பொறி பறக்கிறது, அதற்குக் கீழே சாக்குகள், மேலே பிள்ளை. போன வருசம் பக்கத்து ஊரில் இப்படித்தான் ஒரு வீடு போயிற்று. தாயையும் மகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூட முடியவில்லை என்றார்கள்.

சொல்லிவிடு என்றது மனம். வாயைத் திறந்தாள். ராக்காயி சேலை மாற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறியது கண்ணில் நின்றது. தான் ஏறிப்போனால் ஆர்த்தியை யார் பார்ப்பார்கள்?

பெத்தணன் மிசினைச் சுவரில் வைத்து அழுத்தினார். காரை உதிர்ந்தது. மிசின் அலறியது.

கதவோரம் தண்ணீர்க் குடங்கள் நிறைந்து நின்றன. பாண்டிலட்சுமி ஒன்றைத் தூக்கினாள், தொங்கிய சேலையை விலக்கினாள், அப்படியே கட்டிலுக்கடியில் கவிழ்த்தாள். அடுத்த குடத்தையும் கவிழ்த்தாள். கரண்டு மிசினாயிற்றே, தண்ணியாயிற்றே என்ற யோசனை எல்லாம் அவளுக்கு வரவில்லை. நனைந்த திரி பற்றாது. அது ஒன்றுதான் தெரிந்தது. மூன்றாவது குடத்தை இறக்கியபோது மிசின் நின்றிருந்தது.

"என்னம்மா செய்ற?" ஆர்த்தி கட்டிலில் நின்றபடியே கேட்டாள். கையில் வயர் ஆடியது.

சாக்குகள் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கட்டிலுக்கடியிலிருந்து கறுப்பாய் ஒரு கீற்று வெளியே வந்தது. வாசலைப் பார்த்து வாட்டம் விட்டுப் போட்ட சிமெண்டுத் தரை. கீற்று யோசித்து யோசித்து நகர்ந்து வந்து பெத்தணனின் செருப்பைத் தொட்டது. விலகி, முனியராஜின் பூட்ஸைச் சுற்றிக்கொண்டது.

முனியராஜ் குனிந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. ஏதோ கணக்குத் தப்பிப்போனவர் போல அப்படியே நின்றார்.

"ஆர்த்தி," என்றாள் பாண்டிலட்சுமி, குரல் நடுங்காமல். "கீள எறங்கி வாடி, தங்கம்."

கறுப்புத் தண்ணீர் நிலைப்படியில் கொஞ்சம் தேங்கி, நிறைந்து, அப்பால் வழிந்தது. ஏட்டின் கையில் போன் திறந்தே இருந்தது. அதில் அவள் வாசல் அன்று போலவே பளிச்சென்று தெரிந்தது. கோலமும், எரிந்துகொண்டிருந்த அடுப்பும், அதன் மேல் கொதிக்கும் குழம்பும். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கோடு மெதுவாகப் படியிறங்கிக் கோலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.