கப்பலில் இருக்கிறவர்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. முப்பிடாதியம்மாள் பல் விளக்கி, வெறும் வயிற்றோடு, தலையை இரட்டைப் பின்னலாகப் போட்டுக்கொண்டு, முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட நாற்பத்தாறு வயதுப் பிள்ளை மாதிரி ஒன்பதாம் படுக்கையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி அவளைத் தாண்டிப் போய்ப் பதினாலாம் படுக்கை ஓரமாக நின்றது. பதினாலில் இருந்தவள் தன் முறை அடுத்த வாரம்தான் என்ற தைரியத்தில் ரொட்டியைச் சாயாவில் நனைத்து வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள். வார்டு ஆள் ரொட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, அவளை எடுத்து வண்டியில் வைத்தான். போகிற போக்கில் இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு யார்மேல் பொறாமை என்று சொல்ல முடியாத பார்வை.

குறுக்கே நின்றது ஒரு கையெழுத்து. நெஞ்சைப் பிளந்து செய்கிற காரியம் என்பதால், கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த வார்டின் சட்டம். நெஞ்சு யாருடையது என்பதில் ஆஸ்பத்திரிக்குச் சந்தேகமே இல்லை.

முப்பிடாதியம்மாளுக்கு மூன்று வருஷமாக மூச்சு இளைப்பு. தாராவியில் குழாயடியிலிருந்து தம்பி வீடு வரை நூற்றிருபது எட்டு. முதல் வருஷம் ஒரு மூச்சில் குடத்தைக் கொண்டுவந்தாள், மறு வருஷம் நாலு இடத்தில் இறக்கி வைத்தாள், இந்த வருஷம் குடம் இல்லாமலே நாலு இடத்தில் நின்றாள். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். இருதயத்துக்குள் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் சாவித் துவாரம்தான் இருக்கிறது, டாக்டர் விரலை விட்டு அகலப்படுத்துவார் என்று தம்பி இசக்கிப்பாண்டி கேட்டுவந்து சொன்னான். மழைக்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று பெரிய டாக்டர் சுற்றியிருந்த மாணவர்களிடம் இங்கிலீஷில் சொன்னார். மழைக்கு அப்புறம் செய்யத் தேவை இருக்காது என்பதை அவள் அந்தப் பையன்களின் முகத்திலிருந்து தமிழில் தெரிந்துகொண்டாள். அது மே மாதக் கடைசி.

தம்பி குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. பட்டறையில் கடைசல் பிடிக்கிற இசக்கிப்பாண்டி தானும் ரத்தம் கொடுத்து, கூட வேலை பார்க்கிறவர்களில் மூன்று பேரையும் சாராயம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிவந்தான். அவன் பெண்சாதி பஞ்சு, உப்பில்லாக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி, வெயிலில் நடந்தே கொண்டுவந்தாள். உப்பில்லாமல் நாத்தனாருக்கு மட்டும் ஆக்குவது பாவம் என்று வீடு முழுவதும் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். எல்லாம் செய்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்றைக்கு இசக்கிப்பாண்டி ஒரே ஒரு வார்த்தையைப் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான்.

கிளார்க், முப்பிடாதியம்மாள் என்று எழுத மூன்று தடவை முயன்று, முப்பிபாய் என்று முடித்துக்கொண்டு, "பதி கிதர் ஹை?" என்று புருஷனை விசாரித்தான். பதினாறு வருஷமாக அந்தக் கேள்விக்கு அந்தக் குடும்பத்தில் ஒரே பதில்தான். இசக்கிப்பாண்டி யோசிக்கவில்லை. "ஜஹாஜ் மே," என்றான்.

புருஷன் கப்பலில் இருக்கிறார். உண்மையில் அவர் செம்பூரில் திலக் நகரில் இருந்தார். ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பிள்ளை இல்லை என்று இவளைத் தம்பி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, மூன்று பிள்ளைகள் பெற்றிருந்தார். இது தாராவியில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது இசக்கிப்பாண்டிக்கும் தெரியும். ஆனாலும் கல்யாண வீட்டிலும் குழாயடியிலும் யாராவது "மச்சான் எங்க?" என்று கேட்பார்கள், இவன் "கப்பல்ல" என்பான், அவர்கள் தலையாட்டுவார்கள். அது பொய்யல்ல, ஒருவகை வணக்கம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் இந்த நாகரிகம் தெரியாமல் போயிற்று. அது அப்படியே எழுதிக்கொண்டு, எந்தக் கப்பல், எந்தக் கம்பெனி, தந்தி கொடுத்துச் சம்மதம் வாங்கி வா என்றது.

முப்பிடாதியம்மாளும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் படுக்கை சைனப், மேலப்பாளையத்துக்காரி, தாராவிதான். காலையிலிருந்து இரவு வரை பேசக்கூடியவள். கேட்கக் கேட்க இவள் சொன்னாள். அவிய பஸ்ரா போயிருக்காவ, ஏடன் போயிருக்காவ, மாசம் ரெண்டு கடுதாசி வரும், தம்பி வாசிச்சுச் சொல்லுவான். கடுதாசியில் என்ன எழுதுவார் என்று சைனப் கேட்டபோது கொஞ்சம் திணறி, "வெயில்ல அலையாத, நேரத்துக்குச் சாப்பிடுன்னு எழுதுவாவ," என்றாள். சைனப்பின் வீட்டுக்காரர் தினமும் நாலு மணிக்கு வந்து ஆறு மணி வரைக்கும் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். "கொடுத்து வச்சவ," என்று சைனப் பெருமூச்சு விட்டாள்.

வண்டி தாண்டிப்போன அன்று மத்தியானம் சிஸ்டர் இருதயமேரி காகிதக் கட்டோடு வந்தாள். தூத்துக்குடிக்காரி. இருதய வார்டுக்கு அவளைப் போட்டது பெயரைப் பார்த்துத்தான் என்று வார்டில் ஒரு பேச்சு உண்டு. கட்டிலைச் சுற்றித் திரைத்துணியை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி ஏசினாள். அடுத்த வியாழனும் தவறினால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், தெரியுமா? இத்தனைக்கும் விதவை என்று இருந்தால் கூடப்பிறந்தவன் கையெழுத்தே போதும். புருஷன் இருப்பதுதான் உங்களுக்குத் தொந்தரவு.

முப்பிடாதியம்மாள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "அப்பம் மாத்தி எழுதிருங்க," என்றாள்.

"என்னத்த?"

"அவிய இறந்துட்டாவன்னு."

சிஸ்டர் அவளை உற்றுப் பார்த்தாள். பதினோரு வருஷம் வார்டில் இருந்தவள். எத்தனையோ சாவுக்கு நேரம் எழுதியிருக்கிறாள். இப்படி ஒரு சாவை எழுதியதில்லை. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு பெயர் கேட்டாள்.

அது ஒரு சங்கடம். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். யார் கேட்டாலும் "நாங்குநேரிப் பெருமாள் பேரு" என்பாள், திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் புரிந்துவிடும். இப்போதும் அதையே சொன்னாள்.

"எனக்கு உங்க கோயில் பேரெல்லாம் தெரியாதும்மா. வாயத் தொறந்து சொல்லுங்க."

ஆயுசு குறைவதற்கு இனி என்ன இருக்கிறது என்று அவளே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். "வானமாமலை," என்றாள். சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னாள். நீளமான பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

தாலியை எப்படியும் ஆபரேஷனுக்கு முன் கழற்றத்தான் வேண்டும். விதவை என்று எழுதியபின் நாள் பார்க்கவும் இடமில்லை. சிஸ்டர் அதை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே ஒன்பது என்று எழுதினாள்.

திரையை விலக்கியதும் சைனப் பார்த்தது வெறும் கழுத்தைத்தான். என்ன ஆச்சு என்றாள். "கப்பல்ல இருந்து தந்தி வந்துட்டு," என்றாள் முப்பிடாதியம்மாள். அவ்வளவுதான். சைனப் போட்ட ஒப்பாரியில் மராத்திக்காரிகள், குஜராத்திக்காரிகள், ஒரு சிந்திக்காரி என்று நடக்க முடிந்த நெஞ்சு நோய்க்காரிகள் எல்லோரும் ஒன்பதாம் படுக்கைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி வளையலை மெல்ல உருவி எடுத்தாள். ஒருத்தி தலையைக் கோதினாள். உங்கள் ஜாதியில் எத்தனை நாள் வெளியே போகக்கூடாது என்று விசாரித்தாள் சைனப். யாரும் அழக்கூடாது, இருதயத்துக்கு ஆகாது என்று சிஸ்டர் அதட்டிப் பார்த்தாள்.

முப்பிடாதியம்மாள் ஒப்புக்கு அழலாம் என்றுதான் தொடங்கினாள். ஆனால் பாதி வழியில் அது வேறாகிவிட்டது. அவளுக்குத் திலக் நகர்க்காரர் ஞாபகமே வரவில்லை. பஸ்ராவிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தவரைத்தான் நினைத்தாள். வெயிலில் அலையாதே என்று எழுதியவரை. பதினாறு வருஷம் ஒவ்வொரு துறைமுகமாக அவரை நகர்த்திக் கொண்டுவந்தவள் அவள்தான். வேறு யாருக்கும் அவரைத் தெரியாது. இனி அவருக்காக அழவும் வேறு ஆள் கிடையாது.

நாலு மணிக்கு இசக்கிப்பாண்டி தூக்குவாளியோடு உள்ளே வந்தான். முகத்தில் ஒரு தெளிச்சி. வாசலிலேயே சைனப்பின் வீட்டுக்காரர், இத்தனை நாளும் வாய் திறக்காதவர், எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான் மவுத்துக்கு ரொம்ப வருத்தம் தம்பி," என்றார். இசக்கிப்பாண்டி அவரையும் அக்காளையும் அவள் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கட்டிலோரம் வந்து குனிந்து காதோடு சொன்னான்.

"யக்கா, நான் இப்பத்தான் அவரப் பாத்துட்டு வாரேன். நல்லாத்தான் இருக்காரு."

"எதுக்குல போன?"

"கையெழுத்துக்கு. வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேம்லா, அதான் ரோட்டுல நின்னு கூப்பிட்டேன். மாடியில இருந்து எட்டிப் பாத்தாரு. புதன்கிழமை வாரேன்னுட்டாரு."

"அவிய செத்தாச்சு," என்றாள். "ஃபாரத்துல நீ போடு."

அவனும் போட்டான். இசக்கி ஒரு கோட்டிலும் பாண்டி ஒரு கோட்டிலும் விழுந்தது. சுற்றிலும் இருந்த பெண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருபாட்டம் அழவும் வேண்டியிருந்தது. அழுதான். நன்றாகவே வந்தது. மறுபடி திலக் நகர் போய், நீங்கள் இறந்துவிட்டீர்கள், அதனால் வர வேண்டாம் என்று ரோட்டிலிருந்து கத்துவதற்கு அவனுக்கு வாய் வரவில்லை.

அதனால் புதன்கிழமை நாலேகாலுக்கு வானமாமலை வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. சட்டைப் பையில் பேனா. ஒவ்வொரு கட்டிலாக நின்று பார்த்துப் பார்த்து வந்தவர் ஒன்பதையும் தாண்டிப் போய்விட்டு, இரண்டு கட்டில் தள்ளிச் சந்தேகப்பட்டுத் திரும்பினார். தலை நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். அவளுக்கும் அவரை அடையாளம் காட்டியது அவர் நின்ற நிலைதான், ஒரு தோளை இறக்கி.

"யாரும்மா?" என்றாள் சைனப்.

"ஊர்க்காரரு."

வானமாமலை முக்காலியில் உட்கார்ந்தார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் சாத்துக்குடியைப் பார்த்தார்கள்.

"இசக்கி வந்தான். கையெழுத்துப் போடணும்னான்."

"போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"அவந்தான்."

"புருசந்தான் போடணும்னுல்லா சொன்னான்."

சைனப் சொன்னாள். "ஊர்க்காரருங்கிறிய, ஒங்களுக்குத் தாக்கல் வரலியா? இவ வீட்டுக்காரரு கப்பல்ல மவுத்தாயிட்டாரு. தங்கமான மனுசன். மாசம் தவறாம ரெண்டு கடுதாசி போடுவாராம்."

வானமாமலையின் கண் முதல்முறையாக அவள் கழுத்துக்குப் போயிற்று. அங்கே மஞ்சள் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்து ஒரு வளையமாகத் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார் சைனப்பிடம். அப்புறம் இவளிடம், "என்ன சீக்கு?" என்றார்.

அவள் யோசித்தாள். அதை மட்டும் இன்னும் யாரும் கேட்டிருக்கவில்லை. அவளும் தீர்மானித்திருக்கவில்லை.

"சீக்கெல்லாம் இல்ல. தூக்கத்துலயே போயிட்டாவ," என்றாள். "கஷ்டப்படல."

அவர் தலையாட்டினார். சாத்துக்குடிகளில் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள்ளேயே போட்டார். நாளைக்கு எத்தனை மணிக்கு என்றார். ஏழு என்றாள். சரி என்றார். ஆறு மணி அடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே எழுந்து, பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, சைனப்பிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் வாரேன் என்று சொல்லிக்கொண்டார். இவளிடம் சொல்லவில்லை.

ஜன்னலுக்குக் கீழே ஆஸ்பத்திரி வாசல், அதற்கு எதிரே பஸ் ஸ்டாப். மேகம் இறங்கி, வெளிச்சம் பித்தளை நிறமாக இருந்தது. அவர் ரோட்டைக் கடந்து போய்க் கம்பத்தின் அடியில் நின்றார், ஒரு தோளை இறக்கி. ஒரு மாடி பஸ் வந்து அவரை மறைத்தது. போனது. அவர் நின்றுகொண்டிருந்தார். அடுத்ததும் வந்தது. ஏறுகிறவர்கள் அவரை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அதுவும் போனது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்வது போலத் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது பஸ் திருப்பத்தில் வந்தபோது இருதயமேரி வெந்நீரும் சோப்பும் டிஞ்சர் தோய்த்த பஞ்சுமாக வந்தாள். நெஞ்சைச் சுத்தம் செய்ய வேண்டும். பஸ் வந்து, அவர் நின்ற இடத்தை மறைத்துக்கொண்டு நின்றது. முப்பிடாதியம்மாள் தலையணையிலிருந்து எக்கிப் பார்த்தாள். கண்டக்டர் மணியடிக்கிற சத்தம் கேட்டது. சிஸ்டர் திரைத்துணியைப் பிடித்து, கட்டிலைச் சுற்றி, வளையங்கள் கிறீச்சிட, ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.